சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

செவ்வந்தி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா வரும் ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு, இடையில் எங்கும் நிற்காத விமானத்தில் தனியாக வருகிறார். எழுபது வயதைத் தாண்டியவர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாத்திரை போட வேண்டும். ஆகவே அவர் எத்தனை மணி நேரம் வானத்தில் இருப்பார் என்று தெரிந்துகொள்ள இணையத்தில் தேடினேன். தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சியது.

ஓரிடத்தில் தூரம் 15,349 என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் 9,537. மூன்றாவது இடத்தில் 8,288. பயண நேரமும் அப்படித்தான். ஒன்றில் 17 மணி 33 நிமிடம், மற்றொன்றில் 18 மணி 50 நிமிடம். டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.30க்குச் சேர்வதாகப் போட்டிருக்கிறது. கடிகாரக் கணக்குப்படி ஆறு மணி நேரம்தான்! எதை நம்பி மாத்திரைக்கு வேளை குறிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

வணக்கம் சகோதரி. முதலில் தூரத்தை முடித்துவிடுவோம், அதில் சிக்கலே இல்லை. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான். 15,349 என்பது கிலோமீட்டர். 9,537 என்பது மைல். 8,288 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலிலும், வேகத்தை ‘நாட்’ (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகிலும் சொல்வதுதான் வழக்கம். அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போடும் தளங்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

அந்த 15,349 எப்படி வந்தது என்பதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எல்லா ஊர்களுக்கும் இவ்வளவு எளிதாக வராது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 103.99 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 73.78 பாகையில். இரண்டையும் கூட்டினால் 177.77. அதாவது கிட்டத்தட்ட 180. தீர்க்கரேகையை மட்டும் வைத்துப் பார்த்தால், பூமி உருண்டையில் ஒன்றுக்கு ஒன்று ஏறக்குறைய எதிர்ப்புறத்தில் இருக்கின்றன. அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். சாங்கியின் அட்சரேகை 1.36 வடக்கு. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. கென்னடியின் அட்சரேகை 40.64 வடக்கு. துருவத்திலிருந்து அதற்கு இறங்க 49.36 பாகை. கூட்டினால் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். இணையதளம் சொல்லும் எண்ணுக்கும் இதற்கும் மூன்றே கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

மற்ற ஊர்களுக்கு சைன், கொசைன் போட்டுக் கோள முக்கோணக் கணக்குப் போட வேண்டும். கிடைப்பது பெருவட்டத் தூரம். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது.

தென்துருவம்

மிக அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். பூமி சரியான உருண்டை இல்லையே? துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்றுதான் பள்ளியிலேயே படித்தோம். அது கணக்கைப் பாதிக்காதா?

கணக்குப்பிள்ளை

பாதிக்கும், ஆனால் சிறிதளவுதான். நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. சுமார் 21 கி.மீ. குறைவு. உருண்டை என்றே வைத்துக் கணக்கிட்டால் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். துல்லியம் வேண்டுவோர் 1975இல் வின்சென்டி வெளியிட்ட சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். அது பூமியின் தட்டையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு தளங்கள் பத்து, இருபது கிலோமீட்டர் வேறுபட்டால் ஒன்று உருண்டைக் கணக்கு, மற்றது தட்டைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பயணிக்கு அதனால் ஒன்றரை நிமிட வேறுபாடுகூட இல்லை. பத்துக் கிலோமீட்டரை விமானம் நாற்பது விநாடியில் கடந்துவிடும்.

வழிப்போக்கன்

டிக்கெட்டில் ஆறு மணி நேரமாகத் தெரிவதற்குக் காரணம் எளியது. இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

சிங்கப்பூர் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே. இரவு 11.30 என்றால் பொது நேரம் பிற்பகல் 3.30. நியூயார்க் ஜனவரியில் பொது நேரத்தைவிட 5 மணி பின்னே. மறுநாள் காலை 5.30 என்றால் பொது நேரம் காலை 10.30. பிற்பகல் 3.30 முதல் மறுநாள் காலை 10.30 வரை 19 மணி நேரம். இதுதான் அம்மாவின் பயண நேரம்.

இதே 11.30, 5.30 டிக்கெட் ஜூலை மாதத்துக்கு என்றால் விடை 18 மணி நேரமாகிவிடும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கமே இல்லை. ஆகவே டிக்கெட்டைப் படிக்கும்போது தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

செவ்வந்தி

நன்றி அண்ணா, நன்றி கணக்குப்பிள்ளை அவர்களே. தூரமும் டிக்கெட்டும் இப்போது தெளிவாகிவிட்டன. ஆனால் 17 மணி 33 நிமிடம் எங்கிருந்து வந்தது? 19 மணிக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேரம் இடிக்கிறதே?

ஓடுபாதை27

நான் பல ஆண்டுகள் விமான நிறுவனம் ஒன்றில் ஃபிளைட் டிஸ்பாட்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று திட்டம் போடும் வேலை. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள்.

அந்த 17 மணி 33 நிமிடத்தை யாரும் பறந்து பார்த்துச் சொல்லவில்லை. 15,349ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்திருக்கிறார்கள். போட்டுப் பாருங்கள், அப்படியே வரும். தூரம் காட்டும் தளங்களில் பெரும்பாலானவை செய்வது இதைத்தான். அந்தக் கணக்கில் காற்று இல்லை, வான்வெளித் தடை இல்லை, விமான நிலையத்தில் உருண்டுகொண்டிருக்கும் நேரம் இல்லை. ஒரு தோராயத்துக்கு உதவும். மாத்திரை வேளை குறிக்க உதவாது.

டிக்கெட்டில் உள்ள 19 மணி நேரம் வேறு வகை. அதை பிளாக் டைம் என்போம். நின்ற இடத்திலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நொடியில் தொடங்கி, சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடியில் முடிவது. பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போகவே இருபது நிமிடம் ஆகும். நெரிசல் வேளையில் அதற்கு மேலும் ஆகலாம். இறங்கிய பிறகும் அப்படியே. வானத்தில் பறக்கும் நேரம் இதில் அரை மணி முதல் முக்கால் மணி வரை குறைவு.

இன்னொன்றும் உண்டு. அட்டவணை நேரத்தை நிறுவனங்கள் சராசரிக்கு வைப்பதில்லை, கொஞ்சம் தாராளமாகவே வைக்கும். அமெரிக்காவின் போக்குவரத்துத் துறை, அட்டவணைப்படி சேர வேண்டிய நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்த விமானத்தைச் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கில் வைக்கிறது. நேரந்தவறாத நிறுவனம் என்று பெயர் எடுக்க வேண்டுமானால் அட்டவணையில் இடம் விட்டு வைப்பதுதான் வழி. அதனால்தான் சில நாள் விமானம் முன்கூட்டியே இறங்கிவிட்டு, நிற்கும் இடம் காலியாகாமல் காத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது முக்கியமானது. கணக்குப்பிள்ளை சொன்ன துருவ வழி குறுக்கு வழிதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக்கின் மேல் கிழக்கு நோக்கிப் போகும். கோட்டில் அளந்தால் கூடுதல் தூரம். ஆனாலும் நேரம் குறைவு. மேலே காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும்.

எதிர்நீச்சல்

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. காற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்றை எல்லாரும் விட்டுவிடுகிறோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காக நடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. அப்படியானால் மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்குச் சேர வேண்டிய ஊர் தானே எதிரே வர வேண்டும்? மேற்குப் பயணம்தானே விரைவாக முடிய வேண்டும்? நடப்பது நேர்மாறாக இருக்கிறதே, ஏன்?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. பலர் மனத்தில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பூமி மட்டும் தனியாகச் சுழலவில்லை. மேலே இருக்கும் காற்றும் அதனுடன் சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது. ஓடும் ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடப்பவருக்கு எஞ்சின் பக்கம் நடந்தாலும் கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும். அதுபோலத்தான் இதுவும். நீங்கள் சொல்வதுபோல் நடந்தால் நடுக்கோட்டில் ஹெலிகாப்டர் ஒன்று மேலே எழும்பி ஒரு மணி நேரம் அப்படியே நின்றாலே போதும், 1,670 கி.மீ. தள்ளிப் போய் இறங்கலாம்.

எதிர்நீச்சல்

ஹெலிகாப்டர் உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் பூமியின் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். மேலே வீசும் காற்று ஏன் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காகவே வீசுகிறது? அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

ஓடுபாதை27

இந்த இடத்தில் எதிர்நீச்சல் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெப்பமான நடுக்கோட்டுக் காற்றுக்கும் குளிர்ந்த துருவக் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் உயரத்தில் காற்று துருவம் நோக்கி நகரப் பார்க்கும். பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் கிழக்குப் பக்கம் திரும்பிவிடுகிறது. அப்படி உருவாகும் காற்றாறுதான் ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், வட கோளத்திலும் தென் கோளத்திலும் வளைந்து வளைந்து ஓடும். மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐயும் தாண்டும். ஆக, பூமியின் சுழற்சி விமானத்தை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. காற்றின் வழியாகத்தான் செய்கிறது.

இதற்குக் கண்கூடான சான்று நியூயார்க் – லண்டன் வழித்தடம். தூரம் சுமார் 5,550 கி.மீ. கிழக்கே போக ஏறக்குறைய ஏழு மணி நேரம், மேற்கே திரும்ப எட்டு மணி நேரம் என்று அட்டவணையிலேயே இருக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையோடு ஒப்பிட்ட வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை. சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அட்லாண்டிக்கின் மேல் நிலையான பாதை கிடையாது. அன்றன்றைய காற்றைப் பார்த்து, ஒரு நாளைக்கு இருமுறை புதுப் பாதைகளை வெளியிடுவார்கள். மேற்கே போகும் பகல்நேரப் பாதைகளை ஐரோப்பியப் பக்கத்தில் ஷான்விக் கட்டுப்பாட்டு மையம் வகுக்கும். கிழக்கே வரும் இரவுநேரப் பாதைகளைக் கனடாப் பக்கத்தில் கேண்டர் மையம் வகுக்கும்.

தென்துருவம்

அப்படியானால் போகும்போது காற்று உதவியும் வரும்போது தடுத்தும் மொத்தத்தில் சமமாகிவிடும் அல்லவா?

கணக்குப்பிள்ளை

ஆகாது. இது பலரும் எதிர்பார்க்காத விஷயம், எண்ணைப் போட்டுக் காட்டுகிறேன். தூரம் 9,000 கி.மீ., விமான வேகம் 900 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20. இப்போது மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரே திசையில் வீசுகிறது. போகும்போது வேகம் 1,000, நேரம் 9 மணி. வரும்போது வேகம் 800, நேரம் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். மெதுவாகப் பறக்கும் பக்கத்தில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது. அதனால் காற்று அங்கே எடுத்துக்கொள்ளும் நேரம் இங்கே கொடுத்த நேரத்தைவிடக் கூடுதல்.

அதனால்தான் போன வழியிலேயே திரும்பி வராமல் வேறு வழி தேடுகிறார்கள். காற்று ஓடும் வெளியில் மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேரும் பாதை எது என்ற கேள்வியை எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1931இலேயே எடுத்துக்கொண்டு தீர்வும் கண்டார். இன்றைக்கு டிஸ்பாட்சர்களின் கணினி செய்வது அந்தக் கணக்கின் விரிவுதான். குறுகிய பாதையும் விரைவான பாதையும் வேறு வேறு என்பதை அவர் காகிதத்தில் நிறுவியது, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஜெட் விமானங்கள் வருவதற்கு வெகு முன்பே.

வழிப்போக்கன்

இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பறக்கும் தூரம் ஏறக்குறைய 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றி பசிபிக் வழியாகக் கிழக்கே அனுப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிற்று. ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூட. ஆனாலும் பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

2021 ஜனவரியில் பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம் தொடங்கியபோது, முழுக்கப் பெண் விமானிகளே இயக்கிய முதல் விமானம் வட துருவத்தின் மேல் பறந்து வந்தது. சுமார் 14,000 கி.மீ. கணக்குப்பிள்ளை மேலே போட்ட அதே துருவக் கணக்கு பெங்களூருக்கும் ஓரளவு பொருந்தும். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம்தான்.

செவ்வந்தி

படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது. ஐயாவிடம் ஒரு கேள்வி. ஜனவரியில் காற்று பலமாக இருக்கும் என்கிறீர்கள். அப்படியானால் அம்மாவின் விமானம் 19 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடுமா? நான் எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்?

ஓடுபாதை27

வரலாம், வராமலும் போகலாம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து வழியை முடிவு செய்வார்கள். இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம் அம்மா. விமானங்களின் நடமாட்டத்தைக் காட்டும் தளங்களில் அதே விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசையாக இருக்கும். அதில் மிகக் குறைந்தது, மிக அதிகமானது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள்தான் அம்மாவின் விமானமும் பெரும்பாலும் அடங்கும். கோடைகால விவரத்தை எடுக்காதீர்கள், பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களை எடுங்கள். தூரக் கணக்குத் தளம் எதுவும் இதற்கு ஈடாகாது.

வழிப்போக்கன்

மாத்திரை விஷயத்துக்கு: அம்மாவின் கையில் ஒரு கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். இறங்கிய பின்பும் அந்த முதல் நாள் அப்படியே இருக்கட்டும். விமானத்தின் திரையில் போகும் ஊரின் நேரம் தெரியும், ஜன்னலில் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும். அவற்றைப் பார்த்து வேளை கணக்கிட்டால் கட்டாயம் தடுமாறும். நியூயார்க் நேரத்துக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். மாத்திரையும் மருத்துவரின் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

19 மணி நேரம் என்பது விமானத்துக்குள் மட்டும்தான். அதற்கு முன் மூன்று மணி நேரம், இறங்கிய பின் குடிநுழைவு வரிசையும் பெட்டி வாங்குவதும் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம். ஆக அவர் ஏறக்குறைய ஒரு முழு நாள் வெளியே இருப்பார். இரண்டு வேளை மாத்திரை கட்டாயம் வரும். ஒரு வேளைக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொடுங்கள்.

செவ்வந்தி

கடிகார யோசனை மிகவும் பயனுள்ளது. இன்றே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

தென்துருவம்

இழை தொடரட்டும், எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே பயண நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் உண்டா? காற்று அல்லாமல் வேறு காரணத்தால்?

ஓடுபாதை27

உண்டு, மிகப் பெரிய அளவில் உண்டு. ஹெல்சிங்கி – டோக்கியோவைப் பாருங்கள். பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ. அந்தக் கோட்டின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. 2022 வரை ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. பிறகு அதே பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. விமான நிலையங்கள் நகரவில்லை, தூரம் காட்டும் தளம் இன்றைக்கும் அதே 7,800ஐத்தான் காட்டும். பின்லாந்து நிறுவனமான ஃபின்னேரின் விமானங்கள் வட துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ போகத் தொடங்கின. 1983இல் ஹெல்சிங்கி – டோக்கியோ நேரடி விமானத்தை அந்த நிறுவனம் தொடங்கியபோதும், சோவியத் வான்வெளியைத் தவிர்க்க இதே துருவ வழியில்தான் போனார்கள்.

நம் பக்கத்திலும் 2019இல் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டிருந்த மாதங்களில் டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. நேரம் மட்டுமல்ல, கூடுதல் எரிபொருளுக்காகச் சரக்கைக் குறைப்பது, வழியில் ஒரு நிறுத்தம் போடுவது என்று எல்லாம் கலைந்துபோயின. அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

எதிர்நீச்சல்

துருவத்தின் மேல் பறப்பதில் ஆபத்து ஏதும் இல்லையா? இடையில் இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள்?

ஓடுபாதை27

அதற்கென்றே விதிகள் இருக்கின்றன. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய விமான நிலையம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் பறக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த எல்லை 60 நிமிடம். 1985இல் 120 நிமிடமாயிற்று, பிறகு 180. இன்றைக்கு போயிங் 787க்கு 330 நிமிடம், ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை வளர வளரப் பாதைகளும் நேராயின. முன்பு கரையை ஒட்டி வளைந்து போன இடங்களில் இப்போது குறுக்கே போக முடிகிறது.

துருவத்தில் இன்னொரு கவலை எரிபொருள் உறைவது. ஜெட் ஏ1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் புழங்கும் ஜெட் ஏவுக்கு மைனஸ் 40. வெளியே அதைவிடக் குளிரான காற்றில் மணிக்கணக்கில் பறக்கும்போது இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மிகவும் இறங்கினால் உயரத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் வேகத்தைச் சற்றுக் கூட்டுவார்கள். இவை இரண்டும் பயண நேரத்தைத் தொடும்.

வழிப்போக்கன்

நேரடி விமானமா, மாறிப் போவதா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு சொல். இடையில் நின்றால் தூரம் மிகவும் கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் – பிராங்ஃபர்ட் சுமார் 10,300, பிராங்ஃபர்ட் – நியூயார்க் சுமார் 6,200, மொத்தம் 16,500. நேர்வழியைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் கூட. நேரம் கூடுவது தூரத்தால் அல்ல. இறங்குவது, காத்திருப்பது, மறுபடி ஏறுவது ஆகியவற்றால். முதியவர்கள் நடுவில் கொஞ்சம் காலாற நடக்க விரும்பினால் அதுவும் நல்ல வழியே. ஆனால் இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டபோது கேட்பார் இருக்க மாட்டார்கள்.

தென்துருவம்

கடைசியாக ஒன்று. நிற்காமல் பறக்கக்கூடிய மிக நீண்ட தூரம் எவ்வளவு? இதற்கு ஓர் எல்லை உண்டா?

கணக்குப்பிள்ளை

பூமியே போட்ட எல்லை ஒன்று இருக்கிறது. சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே எந்த இரண்டு இடங்களுக்கும் குறுக்கு வழி 20,000 கி.மீ.யைத் தாண்டாது. ஸ்பெயினும் நியூசிலாந்தும் ஏறக்குறைய அப்படி எதிரெதிரே இருக்கும் நாடுகள். விமானத்தால் முடியுமா என்றால், 2005 நவம்பரிலேயே போயிங் 777-200எல்ஆர் ஒன்று ஹாங்காங்கிலிருந்து கிழக்கே கிளம்பி லண்டன் வரை 21,602 கி.மீ. நிற்காமல் பறந்தது. 22 மணி 42 நிமிடம். ஆனால் அது சோதனைப் பறப்பு, வழக்கமான பயணிகள் சுமை கிடையாது. முழுச் சுமையுடன் அன்றாடம் ஓட்டுவது வேறு.

ஓடுபாதை27

அன்றாடம் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சிட்னி – லண்டன் சுமார் 17,000 கி.மீ. 1989இலேயே ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஒரு புதிய போயிங் 747-400ஐ லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் கொண்டுவந்தது, 20 மணி 9 நிமிடத்தில். விமானத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். 2018 மார்ச்சில் பெர்த் – லண்டன், சுமார் 14,500 கி.மீ., வழக்கமான பயணிகளுடன் தொடங்கியது. 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 787 ஒன்றை ஆய்வுக்காகப் பறக்கவிட்டார்கள். 19 மணி 19 நிமிடம். அதிலும் ஐம்பது பேர் அளவில்தான்.

கவனித்தால் தெரியும், 1989இலும் 2019இலும் பறந்தது லண்டனிலிருந்து சிட்னிக்கு. கிழக்கு நோக்கி. காற்று துணை நிற்கும் திசை அது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு மேற்கே திரும்பும் பயணத்தில் அதே காற்று எதிரே நிற்கும். முழுச் சுமையுடன் இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே 2022இல் குவாண்டாஸ் ஏ350-1000 விமானங்கள் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுத்தது. பின்புறம் 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டி, இருக்கைகள் 238 மட்டுமே. வேறு நிறுவனங்கள் அதே விமானத்தில் 300க்கு மேல் வைக்கின்றன. குறைத்த இருக்கைகளின் எடை முழுவதும் எரிபொருளுக்கும் நீண்ட நேரம் உட்கார வேண்டியவர்களின் வசதிக்கும் போகிறது. பயணம் 22 மணி நேரம் வரை ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.